வாக்கு இருக்கிறது, எழுத்து எங்கே?

ஒரு குடும்பத்தில் மிக்சி வாங்குகிறார்கள். 3 மாதம் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். கடைக்காரர் இயந்திரத்தைத் தட்டுகிறார். சர்ரென்று ஒரு துண்டுச் சீட்டு வெளியே வருகிறது.

"2 வருஷம் வாரண்டி அம்மா. இந்த பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்.

அந்த அம்மாளும் பத்திரமாகத்தான் வைக்கிறார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுகிறார்.

14-வது மாதம் மிக்சி நின்றுவிடுகிறது. பீரோவைத் திறந்து உறையை எடுக்கிறார். உள்ளே இருப்பது வெள்ளைத் தாள்! ஓர் எழுத்துகூட இல்லை.

"அண்ணாச்சி, நீங்கள் கொடுத்த பில்தான் இது."

"இல்லை என்று சொல்லவில்லை அம்மா. தேதியும் இல்லை, நம்பரும் இல்லை. கம்பெனியில் ஒத்துக்கொள்ள மாட்டார்களே! பழைய கம்ப்யூட்டரும் மழைத் தண்ணீரில் போய்விட்டது. நான் என்ன செய்யட்டும்?"

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான்.

இது எந்த ஊரிலும், எந்தக் கடைத் தெருவிலும் நடக்கக்கூடிய கதை. இதற்கு யார் பொறுப்பு?

மை இல்லாத எழுத்து

இன்று பல கடைகளில் கொடுக்கும் பில்லில் மை என்பதே கிடையாது. அந்தத் தாளின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கிறது. இயந்திரத்தின் முனை சூடாகித் தாளைத் தொடுகிறது. சூடு பட்ட இடம் கறுத்துவிடுகிறது. அதுதான் எழுத்து.

சூட்டினால் வந்த எழுத்துக்குச் சூடே பகை. வெயில் பட்டால் மங்கும். எண்ணெய் பட்டால் மங்கும். சில வகை பிளாஸ்டிக் உறைகளும் ஒட்டும் நாடாவும்கூட அந்த எழுத்தை அழித்துவிடும். தாளின் தரத்தைப் பொறுத்துச் சில பில்கள் சில மாதங்களிலேயே வெளுத்துவிடுகின்றன. சில பில்கள் சில வருடம் தாங்கும்.

பிளாஸ்டிக் உறையில் வைத்த அந்த அம்மாள், நல்லது செய்வதாக நினைத்துத்தான் வைத்தார். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பில்லை லேமினேஷன் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் பில் முழுவதும் கறுத்துப்போகும்!

இந்த வகைத் தாளைக் கண்டுபிடிப்பது சுலபம். பில்லின் மேல் நகத்தால் வேகமாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டில் அச்சாகும் தாள்.

கடைக்காரருக்கும் கஷ்டம்தான்

இது வாங்குகிறவருக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல. விற்கிறவரும் வேறு இடத்தில் வாங்குகிறவர்தானே? மொத்தக் கடையில் சரக்கு எடுக்கும்போது அவருக்கும் பில் வருகிறது. அந்த பில்லைக் காட்டித்தான், சரக்குக்குக் கட்டிய வரியைத் தம் கணக்கில் கழித்துக்கொள்கிறார்.

ஜி.எஸ்.டி. வரி 2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற வியாபாரி கணக்குகளையும் பில்களையும் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த ஆண்டின் வருடாந்தரக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் எதுவோ, அதில் இருந்து 72 மாதம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரலில் சரக்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டுக் கணக்குக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அதில் இருந்து 72 மாதம் என்றால் 2030 டிசம்பர் 31 வரை போகிறது. ஆக, அந்த பில் 7½ வருடத்துக்கு மேல் பேச வேண்டும். அதற்குள் தாள் ஊமையாகிவிட்டால்? அதிகாரி வந்து கேட்கும்போது வெள்ளைத் தாளை நீட்ட முடியுமா?

வாங்குகிறவருக்கும் சட்டம் துணை நிற்கிறது. பொருளை விற்றுவிட்டு பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வியாபாரம் என்று 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. குறை ஏற்பட்டால் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம் என்றும் கூறுகிறது. சட்டம் 2 ஆண்டு கொடுக்கிறது. தாள் அதைக் கொடுக்க மறுக்கிறது!

முன்னோர் செய்த வழி

எழுத்து நிலைக்க வேண்டும் என்ற கவலை புதியது அல்ல. நம் முன்னோர் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். கீறலில் கரியைத் தடவினால் எழுத்து தெளிவாகத் தெரியும். காலம் போய் மங்கினாலும் கவலை இல்லை. மறுபடி கரியைத் தடவிப் படிக்கலாம். வெளுத்துப்போன பில்லில் எதைத் தடவுவது?

பிறகு கார்பன் தாள் வந்தது. இங்கிலாந்தில் ரால்ப் வெட்ஜ்வுட் என்பவர் 1806-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தடவை எழுதினால் இரண்டு தாளில் விழும். ஒன்று வாங்கியவருக்கு, ஒன்று கடைக்கு. தாள் தொலைந்தாலும் பேச்சு தொலையாது.

அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938-ம் ஆண்டு மையும் தண்ணீரும் இல்லாமல் நகல் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று தெருவுக்குத் தெரு 'ஜெராக்ஸ்' கடை இருப்பதற்கு அதுவே ஆரம்பம். அந்த நகலில் கறுப்புப் பொடி உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் எழுத்து சீக்கிரம் மறைவதில்லை.

இத்தனை பேர் பாடுபட்டது எதற்காக? ஒரு தடவை எழுதியது நிலைக்க வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்காக. நாமோ வேகத்துக்கு ஆசைப்பட்டு அதை மறந்துவிட்டோம்.

எந்த பில்லுக்கு எந்தத் தாள்?

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சூட்டில் அச்சடிக்கும் இயந்திரத்துக்கு மை வாங்க வேண்டாம். சத்தம் இல்லை. இடமும் அதிகம் அடைக்காது. மாலை நேரக் கூட்டத்தில் 10 பேர் வரிசையில் நிற்கும்போது அதைப் போல் உதவுவது வேறு இல்லை.

அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. காப்பி குடித்த பில்லும், கத்தரிக்காய் வாங்கிய பில்லும் வீட்டுக்குப் போவதற்குள் வேலை முடிந்து விடுகின்றன. அவற்றுக்கு அந்தத் தாளே போதும்.

ஆனால் வாரண்டி உள்ள பொருள், நகை, சீட்டுப் பணம், முன்பணம், வாடகை, மொத்தச் சரக்கு ஆகியவற்றின் கதை வேறு. இங்கே ரசீது ஒரு வாக்கு. 2 வருடம் வாக்குக் கொடுக்கிறவர், 2 வருடம் தாங்கும் தாளில் கொடுக்க வேண்டும். வாக்கைவிடத் தாளுக்கு ஆயுள் அதிகம் இருக்க வேண்டும். நியாயமான வியாபாரத்துக்கு இது அடிப்படை.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஊசிகள் நாடாவின் மேல் தட்டி அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் இயந்திரம் இன்னும் பல கடைகளில் ஓடுகிறது. சத்தம் போடும், ஆனால் கார்பன் வைத்தால் ஒரே தட்டில் இரண்டு மூன்று பிரதி தரும். பொடியை உருக்கி ஒட்டும் லேசர் இயந்திரமும் நல்லது. இரண்டும் இல்லையா? கார்பன் வைத்த பில் புத்தகமும் பேனாவும் போதுமே! கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தால் அந்த ரசீது வருடக்கணக்கில் பேசும்.

கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கிறவர்கள் அதற்கும் ஒரு நகல் வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. விதியும் அதையே சொல்கிறது. ஆயுத பூஜை அன்று கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். கணக்குக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற நாம், அது அழியாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டாமா?

வீட்டில் செய்ய வேண்டியது

கடைகள் மாறும் வரை குடும்பங்கள் சும்மா இருக்கக் கூடாது.

முக்கியமான பில் கைக்கு வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். நகலின் ஓரத்தில் கடையின் பெயர், தேதி, பொருளின் பெயர் ஆகியவற்றைப் பேனாவால் எழுதுங்கள். அசல் பில்லைப் பிளாஸ்டிக் உறையில் போடாமல் காகித உறையில் போட்டு, நகலோடு சேர்த்து வையுங்கள். செல்போனிலும் ஒரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் செல்போனுக்கும் அனுப்புங்கள். ஒரு போன் தொலைந்தாலும் இன்னொன்றில் இருக்கும். வாரண்டி அட்டையில் கடையின் முத்திரையையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடம் கொடுக்கலாம். தேதி எழுதவும், கணக்கைச் சரிபார்க்கவும், பத்திரப்படுத்தவும் அது பழகிக்கொள்ளும்.

எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டவர்கள் நாட்டில் பெருகிவிட்டார்கள். கொடுத்த ரசீதைப் படித்துப் பார்க்கும் தைரியம் எல்லோருக்கும் வந்துவிட்டது. படிப்பதற்கு எழுத்து இருக்க வேண்டுமே! அடுத்த தடவை கடைக்காரர் துண்டுச் சீட்டை நீட்டும்போது, "அண்ணாச்சி, இது எத்தனை நாளைக்கு அழியாமல் இருக்கும்?" என்று கேளுங்கள். 10 பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். 100 பேர் கேட்டால் இயந்திரத்தை மாற்றிவிடுவார்.