சொற்பட்டியல் மொழியாகுமா?

மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் வழங்கிவரும் போர்த்துக்கேயக் கிரியோலைச் 'சிதைந்த போர்த்துக்கேயம்' என்று கூறி ஒதுக்கிவிடுவது கற்றோரிடையேயும் வழக்காகிவிட்டது. இத்தவறான கணிப்புக்குச் சொற்பட்டியல் தொகுக்கும் முறையே பெருமளவு பொறுப்பேற்க வேண்டும்.

குறிப்பேடும் கையுமாகச் செல்பவர், தலைக்கு என்ன சொல், நீருக்கு என்ன சொல் என்று வினவுகிறார். வரும் விடைகளுட் பெரும்பாலானவை போர்த்துக்கேய மூலமுடையவை. அவற்றை லிஸ்பன் அகராதியோடு ஒப்பிட்டு, ஒலி தேய்ந்தவற்றைக் குறித்துக்கொண்டு, மொழி சிதைந்துவிட்டதென முடிவு கட்டுகிறார். பட்டியல் பொய் கூறவில்லை. கேள்விதான் பாதியிலேயே நின்றுவிட்டது.

அதே முதியவரை ஒரு முழு வாக்கியம் பேசவிட்டால் நிலைமை வேறு. வினை இறுதியில் வந்து நிற்கும். போர்த்துக்கேயத்திற் பெயருக்கு முன்னே நிற்கும் 'பரா' என்னுஞ் சொல், தேய்ந்து பெயருக்குப் பின்னே ஒட்டி நான்காம் வேற்றுமை உருபின் தொழிலைச் செய்யும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதுபோல, பசித்தவர் நான்காம் வேற்றுமையிலேயே நிற்பார். இவையெல்லாம் தமிழோடு நெடுங்காலம் உறவாடியதன் பேறு. ஆயின் இதனைத் தமிழின் நிழல் என்று கொண்டாடப் புறப்படுவதும் பேதைமையே. 'தா', 'ஜா', 'லோ' எனக் காலங்காட்டும் உறுப்புகள் வினைக்கு முன்னே நிற்கின்றன; அது தமிழ் நெறியன்று. இது தனக்கென இலக்கணமுடைய தனிமொழி. சொல்லை மட்டும் எண்ணுபவருக்கு இவ்வுண்மை ஒருபோதும் புலப்படாது.

இம்மொழியை ஆராய்ந்தோர் யாவர்? 1900இல் லிஸ்பனில் நூல் வெளியிட்ட தல்காதோ கோவாவில் பிறந்தவர். 1970களில் மட்டக்களப்பிற் களஆய்வு செய்த இயன் சிமித், அண்மைக் காலத்தில் ஒலியும் காட்சியுமாகப் பதிவுசெய்த ஊகோ கார்தோசோ ஆகியோரும் வெளிநாட்டவரே. கதிரை, துவாய், அலவாங்கு, சப்பாத்து, தவறணை எனத் தமிழிற் புகுந்த போர்த்துக்கேயச் சொற்களை ஆண்டுதோறும் கட்டுரையில் அடுக்கும் தமிழ் மாணவர், அயல்வீட்டில் வாழும் மொழியைச் செவிமடுக்கவில்லை. அம்மக்கள் தமிழும் சரளமாகப் பேசுபவர்கள். மொழிபெயர்ப்பாளர் துணைகூட வேண்டியதில்லை.

பேசுவோர் சிலரே, அவர்களுக்காக இத்தனை உழைப்பா என்பார் உளர். சிலராயிருப்பதே விரைவுக்குக் காரணம். மட்டக்களப்புக் கோட்டை 1638இல் ஒல்லாந்தர் வசமானது. 1658இல் இலங்கையிற் போர்த்துக்கேயர் ஆட்சியே முடிவுற்றது. ஆட்சி போயும் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் வீட்டுக்குள் நிலைத்த மொழி இது. 2004இன் ஆழிப்பேரலை டச்பார்ப் பகுதிப் பறங்கியர் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோரின் பிள்ளைகள் வீட்டிலும் தமிழுக்கே மாறி வருகின்றனர்.

ஆகவே களத்திற்குச் செல்வோர் வினாத்தாளைச் சற்றே மடித்து வைத்தல் வேண்டும். தச்சுப் பட்டறையில் உளி கையிலிருக்கும்போது அதன் பெயரைக் கேட்கட்டும். பாட்டி பேரனை ஏசுவதையும், மூத்தோர் இருவர் கூலி பற்றி வாதிடுவதையும் இசைவு பெற்றுப் பதியட்டும். சொன்னவர் விரும்பின் அவர் பெயர் நூலின் முகப்பிலே, தொகுத்தவர் பெயருக்குப் பக்கத்திலே இடம்பெறல் வேண்டும். பதிவின் ஒரு படி அவர் வீட்டில் இருத்தல் வேண்டும். இதற்கு உடன்படாதவர் மட்டக்களப்புக்குப் பேருந்து ஏறாதிருப்பதே நன்று.