சிறு ஏலத்தோட்டங்களுக்குத் தேவை பொது ஸ்டோர்

2019 ஆகஸ்டில் ஏலக்காய் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2018இல் இடுக்கியைப் புரட்டிப்போட்ட பெருமழையும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததே அதற்குக் காரணம். விலை ஏறிய நேரத்தில் பலரிடம் விற்கக் காய் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இப்படி விலை சரியும்போதெல்லாம் போடிநாயக்கனூரிலும் மலைக்கு அப்பால் கேரளத்து உடும்பன்சோலை வட்டாரத்திலும் ஆதரவு விலைக் கோரிக்கை எழுகிறது. கோரிக்கை நியாயமானது. ஆனால், ஒன்றிரண்டு ஏக்கரை வைத்துக் குடும்பமே பாடுபடும் விவசாயிக்கு அதைவிட முதலில் வேண்டியது, தன் காயைத் தானே உலர்த்தி, தரம் பிரித்து, இருப்பு வைக்கும் வசதி.

ஏலக்காயின் மதிப்பில் பெரும்பங்கு பறித்த பிறகே உருவாகிறது. பச்சைக்காயைக் குவித்து வைத்தால் நிறம் மங்கிவிடும்; பறித்த அன்றே கழுவி, ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் ஏற்ற வேண்டும். மிதமான சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்ந்து, ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுண்டும். சூடு கூடினால் தோல் வெடிக்கும். குறைந்தால் பச்சை நிறம் வெளுக்கும். பிறகு தேய்த்துக் காம்பு நீக்கி, சல்லடையில் எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பிரிக்க வேண்டும். வியாபாரி பார்ப்பது அந்த நிறத்தையும் பருமனையும்தான். ஸ்டோர் இல்லாத விவசாயி பச்சையாகவே விற்கிறார், அல்லது கூலி கொடுத்து அடுத்தவர் ஸ்டோரில் உலர்த்துகிறார். பச்சையாக விற்பவருக்குக் காத்திருக்கும் உரிமையே இல்லை; அன்றைக்குச் சொன்ன விலைதான் விலை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் 2007இல் தொடங்கி, இன்று போடியிலும் புற்றடியிலும் நடந்தும், அதன் பலன் இவர்களிடம் முழுமையாக வந்து சேராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாற்றுப்பயிருக்குப் போகலாமே என்பவர்கள் ஜம்மு காஷ்மீரின் லாவெண்டரைக் காட்டுவதுண்டு. ஜம்முவின் தோடா மாவட்டத்தில் உள்ள பதர்வாவில், மக்காச்சோளம் போட்டுவந்த சிறு விவசாயிகள் அரோமா மிஷன் திட்டத்தின் கீழ் லாவெண்டருக்கு மாறி வருமானம் பெருக்கியது உண்மை. ஆனால், லாவெண்டருக்கு வெயிலும் வறண்ட காற்றும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். மரநிழலும் மழையும் ஈரமும் கேட்கும் ஏலச்சரிவில் அது பிழைக்காது. பதர்வாவிடம் நாம் கற்க வேண்டியது வேறு. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் ஜம்மு நிறுவனம் நாற்று கொடுத்ததோடு நிற்காமல், எண்ணெய் வடிக்கும் ஆலைகளையும் வயல்களுக்கு அருகிலேயே நிறுவிக் கொடுத்தது. அதனால் அங்கே விவசாயி பூவை மட்டும் விற்கும் நிலையில் இல்லை; எண்ணெயாக்கி விற்க முடிகிறது. ஏலக்காய்க்கு அந்த ஆலையின் இடத்தில் இருப்பது ஸ்டோர்.

உலகின் பெரிய ஏலக்காய் உற்பத்தி நாடுகளில் ஒன்று குவாதமாலா. அங்கே விளைச்சல் கூடி இங்கே விலை இறங்கும்போது ஸ்டோர் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். உலக விலையை அது மாற்றாதுதான். ஆனால், நன்கு உலர்ந்த காயைக் கறுப்பு பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டிவைத்தால் நிறமும் மணமும் கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும். விற்கும் நாளைத் தேர்ந்தெடுக்கும் அந்த வசதி இன்று பெருந்தோட்டக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் மட்டுமே உண்டு. கைச்செலவுக்கு உடனே பணம் வேண்டுமே என்பது இன்னும் கனமான கேள்வி. காயை ஈடாக வைத்துக் கடன் தரும் ஏற்பாடு பொது ஸ்டோரோடு சேர்ந்தே வந்தால்தான் அது தீரும்.

நச்சு எச்சப் பிரச்சினைக்கும் இதில் விடை உண்டு. 2023 ஜனவரியில், பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக எழுந்த வழக்கில், சபரிமலை அரவணைப் பிரசாத விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்றாலும், சந்தையில் விழுந்த சந்தேகம் எளிதில் விலகவில்லை. மருந்தைக் குறைத்து அடித்த விவசாயியின் காய் மற்றவர் காயோடு கலந்துவிட்டால், அவருடைய கவனத்துக்குக் கூலி கிடைக்காது. ஒவ்வொருவர் காயையும் தனித்தனியே உலர்த்தி, மாதிரி எடுத்துச் சோதித்து, சான்றோடு ஏலத்துக்கு அனுப்பும் பொது ஸ்டோரால்தான் அந்தக் கூலியை வாங்கித்தர முடியும்.

கூட்டு முயற்சிகள் நிர்வாகச் சீர்கேட்டால் படுத்துவிடும் என்ற அச்சம் பொய்யல்ல. அதனால்தான் ஊருக்குப் பெரிதாக ஒன்று என்றில்லாமல், பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கணக்கைத் தாங்களே பார்க்கக்கூடிய சிறு ஸ்டோர்களாக இவை அமைய வேண்டும். 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் ஒன்றிய அரசுத் திட்டம் 2020இல் தொடங்கியது. போடியில் வீடும் எல்லைக்கு அப்பால் தோட்டமும் வைத்திருப்பவர்கள் இரு மாநில விதிகளுக்கு இடையே திண்டாடாமல் அத்தகைய நிறுவனங்களில் சேர்ந்து ஸ்டோர் அமைக்க, தமிழகமும் கேரளமும் நறுமணப் பொருள் வாரியமும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்த விலைச் சரிவுக்குக் காத்திராமல், அடுத்த காய் எடுப்புக்கு முன்பே அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.