பதினேழு விக்கெட் மிச்சம்



நேற்று பங்குனி உத்திரம். காலையில் குமரமலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்து, இரவு ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஐபிஎல் நடக்கும் நாட்களில் பதினொன்றரை வரை விழித்திருக்கும் வீடு, நேற்று சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டது. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டது. 59 பந்து மிச்சம்.

காலையில் எழுந்து போனைப் பார்த்தால் பழைய மாணவர்களின் செய்திகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான். "சார், நம்ம பேட்டிங்குக்கு என்ன ஆச்சு?" தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் பொறுத்தவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் கணக்கு.

ஆறு ஆட்டம் ஆகிவிட்டது. மார்ச் 23 அன்று மும்பையை வென்றோம். அதன்பிறகு பெங்களூரு, ராஜஸ்தான், டெல்லி, பஞ்சாப், கொல்கத்தா என்று வரிசையாக ஐந்து தோல்வி. இந்த அணி தொடர்ந்து ஐந்தில் தோற்றது இதுதான் முதல் தடவை. சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றதும் முதல் தடவை. அங்கே அடித்த மிகக் குறைந்த ஸ்கோரும் நேற்றைய 103தான்.

இப்போது நான் சொல்லப்போகும் கணக்கைக் கவனியுங்கள். தோற்ற ஐந்து ஆட்டத்தின் ஸ்கோர்: பெங்களூருவிடம் 8 விக்கெட்டுக்கு 146, ராஜஸ்தானிடம் 6 விக்கெட்டுக்கு 176, டெல்லியிடம் 5 விக்கெட்டுக்கு 158, பஞ்சாபிடம் 5 விக்கெட்டுக்கு 201, நேற்று 9 விக்கெட்டுக்கு 103. ஐந்து தோல்வியில் ஒன்றில்கூட நாம் ஆல் அவுட் ஆகவில்லை. மிச்சம் வைத்த விக்கெட்டைக் கூட்டினால் 2, 4, 5, 5, 1. ஆக மொத்தம் 17.

பதினேழு விக்கெட்டைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊறுகாயா போட முடியும்?

டெஸ்ட் ஆட்டத்தில் விக்கெட்தான் சொத்து. பந்து எவ்வளவு வேண்டுமானாலும் வரும். இருபது ஓவர் ஆட்டத்தில் அது தலைகீழ். 120 பந்துக்குப் பத்து விக்கெட். பன்னிரண்டு பந்துக்கு ஒன்று போனாலும் கடைசிப் பந்து வரை தாங்கும். பந்துதான் இங்கே சொத்து. அதைத்தான் நாம் வாரி இறைக்கிறோம். சேப்பாக்கத்தில் தோற்ற மூன்று ஆட்டத்தின் முதல் ஆறு ஓவரைப் பாருங்கள். 30 ரன், 46 ரன், 31 ரன். கூட்டினால் 107. பந்து 108. வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர் நிற்கிற நேரத்தில், பந்துக்கு ஒரு ரன்கூட வரவில்லை.

என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தப்பாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள். பாதி வழி போட்டாலும் அந்தப் பாதிக்கு மார்க் உண்டு. இதை வருஷம் முழுக்கச் சொல்லியிருப்பேன். அப்படியும் சில பிள்ளைகள் "தப்பாகிவிடுமோ" என்று பயந்து மூன்று கேள்வியைத் தொடாமலேயே விட்டுவிட்டு வருவார்கள். விடைத்தாளில் பக்கம் பக்கமாக வெள்ளையாக இருக்கும். ஒரு அடித்தல் திருத்தல்கூட இருக்காது. அந்தச் சுத்தமான விடைத்தாள்தான் இந்த வருஷம் நம் பேட்டிங்.

"ஆடுகளம் சரியில்லை சார்" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அதே ஆடுகளத்தில்தான் பெங்களூரு 196 அடித்தது, டெல்லி 183 அடித்தது. நேற்று நம்மைத் திணறவைத்து 13 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்த சுனில் நரைன், அடுத்து மட்டையோடு வந்து 18 பந்தில் 44 அடித்தார்.

"இப்போதுதானே தொடக்கம்" என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் ஒரு மாணவன். அங்கே பேஸ்பால் பார்த்துப் பழகியவன். அங்கே ஒரு அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டம். ஏப்ரலில் ஒன்பது பேரும் சேர்ந்து சொதப்பினாலும், செப்டம்பருக்குள் சரிசெய்துகொள்ளலாம். ஒரே ஆட்டத்தில் ஒருவனுக்கு நாலு முறை மட்டை பிடிக்க வாய்ப்பு வரும். தம்பி, நமக்கு 14 ஆட்டம்தான். ஆறு முடிந்துவிட்டது. காலாண்டுப் பரீட்சை என்று நீ நினைக்கிறாய், அரையாண்டே வந்துவிட்டது.

நேற்று ஆட்டம் முடிந்து தோனி பேசியதையும் கேட்டேன். நம் தொடக்க ஆட்டக்காரர்கள் முறையான ஷாட் ஆடுகிறவர்கள், ஸ்கோர்போர்டைப் பார்த்துப் பதறக் கூடாது, முதல் ஆறு ஓவரில் அறுபது எடுக்கவேண்டும் என்று இறங்கினால் சிரமம் என்கிற மாதிரி சொன்னார். நிதானமான மனிதர். முழங்கை எலும்பு முறிந்து ருதுராஜ் விலகியதும் 43 வயதில் மறுபடி தலைமையை ஏற்றிருக்கிறார். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். நிதானம் வேறு, பயம் வேறு. 2018 இறுதி ஆட்டத்தில் ஷேன் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பிறகு 57 பந்தில் 117 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அது நிதானம். பத்துப் பந்தை விட்டவனுக்கு அதைத் திருப்பி எடுக்கிற தெம்பு இருந்தது. இப்போது அந்தத் தெம்பு யாரிடம் இருக்கிறது?

அந்த 2018 வெற்றிதான் நம்மைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பதைத் தாண்டியவர்களின் அணி என்று ஊரே கேலி செய்தது. ஜெயித்துக் காட்டினார்கள். அன்று முதல் "அனுபவம் கைவிடாது" என்பது வேதவாக்காகிவிட்டது. கடந்த நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் பேட்டிங்குக்கு நாம் எடுத்த ஆட்களைப் பாருங்கள். ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர். எல்லாரும் நல்ல ஆட்டக்காரர்கள், பார்த்துப் பழகிய முகங்கள். டெல்லிக்கு எதிராக விஜய் சங்கர் 54 பந்தில் 69 அடித்து அவுட்டாகாமல் நின்றார். நாம் 25 ரன்னில் தோற்றோம். அந்த ஒரு ஆட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஏப்ரல் 8 அன்று பஞ்சாபின் பிரியான்ஷ் ஆர்யா நம்மை அடித்தாரே, அவர் இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். மறுமுனையில் விக்கெட் விழுந்துகொண்டே இருந்தது. 83க்கு 5. நம் ஆட்களாக இருந்தால் அந்த இடத்தில் கதவைச் சாத்தியிருப்பார்கள். அந்தப் பையன் அடித்துக்கொண்டே இருந்தார். 39 பந்தில் சதம்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன் இந்த வருஷம் ஐந்து ஆட்டத்தில் 273 ரன் எடுத்திருக்கிறார். எந்த அணிக்கு? குஜராத்துக்கு. 2023 இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தவர். 2010இல் இப்படித்தான் தொடக்கத்தில் ஏழு ஆட்டத்தில் ஐந்து தோற்று நின்றோம். அப்போது முரளி விஜய் என்கிற சென்னைப் பையன் ராஜஸ்தானுக்கு எதிராக 56 பந்தில் 127 அடித்தார். அங்கிருந்து எழுந்து, அந்த வருஷம்தான் முதல் கோப்பையை வாங்கினோம். இப்போதும் வெளியே தேட வேண்டியதில்லை. ஆந்திராவின் ஷேக் ரஷீத், நம் தமிழ்நாட்டின் ஆந்த்ரே சித்தார்த் இருவரும் அணியிலேயே இருக்கிறார்கள். உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆலங்குடிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனர் அடிக்கடி சொல்வார். காய்ப்பு குறையும்போதே நடுவில் கன்று வைத்துவிட வேண்டும், மரம் சாய்ந்த பிறகு வைத்தால் ஐந்தாறு வருஷம் தேங்காயைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பார். 2018இல் கஜா அடித்தபோது அதை நம் மாவட்டமே அனுபவித்தது.

பழி முழுவதையும் அணியின் மேல் போடவும் மனம் வரவில்லை. நம்மிடமும் இருக்கிறது. ஜடேஜா அவுட்டானால் சேப்பாக்கம் கைதட்டுகிறது. அடுத்து தோனி வருவாரே என்ற சந்தோஷம்! என் வீட்டிலும் அதே கதைதான். பெங்களூருவுக்கு எதிராக அவர் ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தபோது ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. ஆனாலும் என் பேத்தி சோபாவில் ஏறிக் குதித்தாள். நானும் சிரித்தேன். 50 ரன்னில் தோற்றது மறுநாள் காலையில்தான் உறைத்தது. முழங்கால் பத்து ஓவர் தாங்காது என்று பயிற்சியாளர் பிளெமிங் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தாங்கும் என்றால் ஆறாவதாக இறங்கட்டும். தாங்காது என்றால் அந்த இடத்தை ஒரு சின்னப் பையனுக்குக் கொடுக்கட்டும். இதைச் சொன்னதற்காக என் மருமகள் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.

இவ்வளவு பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். இதே தப்பைச் செய்தவன் என்ற தகுதிதான்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கிரிக்கெட் அணியையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மாலையில் பயிற்சியின்போது பந்தை எடுத்துப் புளியமரத்துக்கு மேலே தூக்கிக் கண்மாயில் போடுவான். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு பதினைந்து ஓவர் ஆட்டம். அவனை நான் ஒன்பதாவதாகப் போட்டேன். "பிளஸ் டூ பையன்களுக்கு இதுதான் கடைசி வருஷம், நீ சின்னப் பையன், உனக்கு இன்னும் காலம் இருக்கு" என்று சொன்னேன். உள்ளுக்குள் இருந்த உண்மை வேறு. அவன் தூக்கி அடித்து அவுட்டானால், தலைமையாசிரியர் என்னைத்தான் கேட்பார். பெரிய பையன்கள் தட்டித் தட்டி ஆடித் தோற்றால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

அப்படியேதான் நடந்தது. பதினைந்து ஓவர் முடிந்தபோது நாலு விக்கெட் கையில் இருந்தது. பதினோரு ரன்னில் தோற்றோம். அவன் பேடு கட்டிக்கொண்டு புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேடைக் கழற்றி, வாரை ஒழுங்காகச் சுற்றி, என்னிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வருஷம் அணிக்குக் கூப்பிட்டேன். "படிக்கணும் சார்" என்றான்.

அவன் இப்போது சிங்கப்பூரில் நல்லபடியாக இருக்கிறான். நான் எதைப் போட்டாலும் முதல் ஆளாக லைக் போடுவான். போன மாதம் மகள் காதணி விழாவுக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தான். காபி குடித்தோம். பேச்சு சிஎஸ்கே பக்கம் வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது, சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஸ்கோர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு இல்லாமலா இருக்கும்? தம்பி, அன்றைக்கு உன்னை மூன்றாவதாக இறக்கியிருக்க வேண்டும். நீ முதல் பந்திலேயே அவுட்டாகியிருந்தாலும் அது சரியான முடிவாகத்தான் இருந்திருக்கும். பயந்தது நீ இல்லை, உன் வாத்தியார்.

அதனால்தான் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளை இறக்குங்கள். நாலு ஆட்டம் தொடர்ந்து கொடுங்கள். ஒன்றில் சொதப்பினால் உடனே உட்காரவைக்காதீர்கள். இனி தோற்றாலும் தோற்கலாம். அடித்துத் தோற்றால் அடுத்த வருஷத்துக்கு ஒரு ஆள் கிடைப்பான். தட்டித் தோற்றால் அதுவும் கிடைக்காது.

என் பழைய மாணவர்களில் பாதிப் பேர் இப்போது வாத்தியார்கள், அதிகாரிகள், கடை முதலாளிகள். உங்களிடமும் ஒன்பதாவது இடத்தில் ஒரு பையன் பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

திங்கட்கிழமை சித்திரை ஒன்று. வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு, இரவு லக்னோ ஆட்டத்தைப் பார்க்க உட்காருவேன். இத்தனை திட்டிய பிறகும் பார்ப்பேன். நீங்களும் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அனைவருக்கும் சித்திரைத் திருநாள் வாழ்த்துகள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்
புதுக்கோட்டை, 12.04.2025