ம.இ.கா. தலைவர்களை எந்தக் கோலால் அளப்பது?

1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மலேசிய இந்தியக் காங்கிரஸுக்கு (ம.இ.கா.) இதுவரை பத்துத் தேசியத் தலைவர்கள். அவர்களில் இருவர் மட்டுமே சேர்ந்து 49 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்கள்: துன் வீ. தி. சம்பந்தன் 1955 முதல் 1973 வரை, துன் ச. சாமிவேலு 1979 முதல் 2010 வரை. மலேசிய இந்தியர்களுக்கு அது கட்சிப் பதவி மட்டுமாக இருந்ததில்லை. சாமிவேலு காலத்தில் 2008 வரை அமைச்சரவையில் இருந்த ஒரே இந்திய முழு அமைச்சர் அவர்தான். தோட்டம், தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, வேலை என எதைக் கேட்பதானாலும் சமூகம் அந்த ஒரு கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் எடுக்கப்பட்ட முடிவுகளின் பலனையும் பாரத்தையும் தோட்டப் பாட்டாளிகளின் மூன்று தலைமுறைகள் சுமந்தன.

இவ்வளவு கனமான பதவிக்கு முறையான மதிப்பீடு இன்றுவரை இல்லை. இருப்பவை இரங்கல் கூட்டப் புகழுரையும் சாப்பாட்டுக்கடை வசையும்தான். பிரிக்ஃபீல்ட்ஸின் முதன்மைச் சாலை சம்பந்தன் பெயரைத் தாங்குகிறது. கட்சித் தலைமையகத்துக்கு டான்ஸ்ரீ வெ. மாணிக்கவாசகம் பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகை மரியாதைக்கு உரியது, ஆனால் அது தீர்ப்பாகாது.

அமெரிக்கர்கள் தங்கள் அதிபர்களை வேறு விதமாக நடத்துகிறார்கள். 1948இல் ஹார்வர்ட் பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 55 வல்லுநர்களிடம் அதிபர்களைத் தரம் பிரிக்கச் சொன்னார். 2000ஆம் ஆண்டு முதல் சி-ஸ்பான் தொலைக்காட்சி பத்து அளவுகோல்களை வைத்து வரலாற்றாசிரியர்களிடம் மதிப்பெண் வாங்குகிறது. நெருக்கடிக் காலத் தலைமை, பொருளாதார மேலாண்மை, அறத் தகுதி, அனைவருக்கும் சமநீதி, தம் காலச் சூழலில் ஆற்றிய பணி ஆகியவை அவற்றில் சில. தீர்ப்புகள் மாறுகின்றன என்பதுதான் இதன் பெருஞ்சிறப்பு. மக்கள் ஆதரவை இழந்து 1953இல் பதவியிலிருந்து இறங்கிய ட்ரூமன் இன்று முதல் பத்துப் பேரில் ஒருவர். விடுதலையான கறுப்பினத்தவரின் உரிமையைக் காக்க முயன்ற கிராண்ட் 33ஆம் இடத்திலிருந்து 2021இல் 20க்கு ஏறினார். அரசு அலுவலகங்களில் நிறப்பிரிவினைக்கு இடம் கொடுத்த வில்சன் 6இலிருந்து 13க்கு இறங்கினார். ஆவணங்கள் திறந்திருப்பதால்தான் இது முடிகிறது. 1978இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அதிபரின் அலுவல் பதிவுகள் அவருடைய சொத்தல்ல, நாட்டின் சொத்து.

ம.இ.கா. தலைவர்களுக்கு ஓர் அளவுகோல் தேவையென்றால், முதலில் வைக்க வேண்டிய கேள்வி இது: ஏழைகள் நம்பிக் கொடுத்த பணம் என்ன ஆயிற்று?

1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர்கள் வேலையோடு குடியிருந்த லயத்தையும் இழந்தார்கள். சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி கட்டி அதை வாங்கலாம். பால்மரம் சீவியவர்களின் அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கம் இன்றும் இயங்குகிறது, நிலமும் உறுப்பினர்களிடம் இருக்கிறது. துண்டாடலை அது நிறுத்திவிடவில்லை. வாங்க முடிந்ததைவிடக் கைநழுவிய தோட்டங்களே அதிகம். அரசின் பங்காளியாக இருந்தும் துண்டாடலைத் தடுக்கும் சட்டத்தைச் சம்பந்தனால் பெற்றுத்தர முடியவில்லை. 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமையற்ற பல்லாயிரம் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் அவர் காலத்தில்தான். இந்தக் குறைகளையெல்லாம் எழுதிய பிறகும், தொழிலாளியைத் தோட்ட முதலாளியாக்கிய செயல் அவரை முதலிடத்தில் வைக்கிறது.

அவருக்குப் பின் வந்த மாணிக்கவாசகம், கிள்ளான் மக்களின் நாடாளுமன்ற உறுப்பினர், 1979 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆறே ஆண்டுகளில் புதிய பொருளாதாரக் கொள்கைக்குள் இந்தியர்களின் பங்கு எது என்ற கேள்வியைத் திட்டமாக எழுதிக் கேட்டவர் அவர். உரிய கவனம் அவருக்குக் கிடைக்கவில்லை.

சாமிவேலுவின் கணக்கு நீளமானது. கல்விக்காக 1984இல் எம்.ஐ.இ.டி. அறவாரியத்தை நிறுவினார், அதன் வழியே 2001இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. அங்கு மருத்துவம் படித்து வெளிவந்த பிள்ளைகளை எந்த விமர்சகராலும் மறுக்க முடியாது. மறுபக்கத்தில் கட்சியின் முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் நிற்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 66,000 பேர் 106 மில்லியன் வெள்ளியை அதில் போட்டார்கள். நகையை அடகு வைத்தவர்களும், சேமநிதியை எடுத்துக் கட்டியவர்களும் அவர்களில் உண்டு. 1990இல் இந்தியர்களுக்கென அரசு ஒதுக்கிய 10 மில்லியன் டெலிகொம் பங்குகளில் மைக்காவுக்கு வந்தது ஒரு மில்லியன்தான். மீதி 9 மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போயின. விசாரணை நடந்தும் வழக்குத் தொடரப்படவில்லை. ஆகவே இதைக் குற்றமென்று தீர்ப்பெழுத எவருக்கும் உரிமையில்லை. ஆனால் தலைமையின் பொறுப்பு நீதிமன்ற வாசலோடு முடிந்துவிடுவதில்லை. கால் நூற்றாண்டு காத்திருந்தவர்களுக்கு 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் தர ஒரு தொழிலதிபர் குடும்பத்தின் நிறுவனம் முன்வந்தபோது, முதலீடு செய்தவர்களில் பலர் உயிரோடு இல்லை.

அவர்கள் காத்திருந்த அதே ஆண்டுகளில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் புறம்போக்குக் குடிசைக்கும் மலிவு அடுக்ககத்துக்கும் போனார்கள். அவர்களுக்காக அமைச்சரவையில் என்ன பேசப்பட்டது என்பதைச் சமூகம் அறியாது. 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் கோவில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் பேரணிக்காகக் கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரம் பேர் திரண்டு கண்ணீர்ப்புகையை எதிர்கொண்டார்கள். 2004இல் போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வென்ற ம.இ.கா., 2008இல் மூன்றில்தான் வென்றது. 1974 முதல் தம் கையிலிருந்த சுங்கை சிப்புட்டைச் சாமிவேலுவே இழந்தார். 2022இல் கட்சிக்கு மிஞ்சியது தாப்பா தொகுதி ஒன்றே. பின்வந்த பழனிவேல் காலத்துத் தேர்தல் தகராறும் பதிவிலாகா வழக்குகளும் சரிவை விரைவுபடுத்தின, ஆனால் வேர் அதற்கு முன்பே அரித்துவிட்டது. முப்பத்தோர் ஆண்டுகளில் தமக்கு நிகரான அடுத்த தலைவரை வளரவிடாதது சாமிவேலுவின் மிகப் பெரிய தோல்வி.

இந்த மதிப்பீட்டை மறுப்பவர்கள் இருப்பார்கள், மறுக்கவும் வேண்டும். மறுப்பதற்கும் நிறுவுவதற்கும் தேவையான தாள்கள்தாம் பொதுவில் இல்லை. மத்திய செயலவைக் கூட்டக் குறிப்புகள், மைக்காவின் கணக்கேடுகள், தலைவர்கள் பிரதமர்களுக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை ம.இ.கா. தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை அவற்றைப் பிரித்துப் படித்து, அளவுகோல்களை அறிவித்து, பத்துத் தலைவர்களையும் மதிப்பிட்டு வெளியிட வேண்டும். 2026 ஆகஸ்டில் கட்சிக்கு 80 ஆண்டுகள். மைக்காவில் பணம் போட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் படித்துப் பார்க்கும் காலத்துக்குள் அந்தப் பெட்டிகள் திறக்கப்படட்டும்.