கிடத்தலும் கிடத்துதலும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவரை மயக்குஞ் சொற்களுள் 'லை', 'லே' என்னும் இரண்டும் தலையாயவை. எல், ஐ, ஈ என்னும் எழுத்துக்களாலாய 'லை' கிடத்தலைக் குறிக்கும். எல், ஏ, வை என்னும் எழுத்துக்களாலாய 'லே' கிடத்துதலைக் குறிக்கும். கோழி முட்டையிடுதற்கும் இச்சொல்லே வரும்.

பொருள் இவ்வளவு தெளிவாயிருக்க, மயக்கம் எங்ஙனம் வந்தது? முன்னதன் இறந்தகாலமும் 'லே' என்றே நிற்றலால் வந்தது. 'லை, லே, லெயின்' என்பது ஒன்றன் நடை. 'லே, லெயிட், லெயிட்' என்பது மற்றொன்றன் நடை. பொய்யுரைத்தலைக் குறிக்கும் வேறொரு 'லை'யும் உண்டு. அது இறந்தகாலத்தில் ஈற்றில் 'டி' மாத்திரம் பெறும்.

எழுத்துக்கூட்டலிலும் இடர் உண்டு. 'லை' என்பது 'இங்' விகுதி ஏற்குங்கால் ஐ, ஈ இரண்டுங் கெட்டு அவ்விடத்து வை தோன்றும். இறத்தலைக் குறிக்கும் 'டை'யும் அத்தகையதே. 'லே' இறந்தகாலத்தில் வை கெட்டு ஐ, டி பெறும். 'பே' என்பது 'பெயிட்' ஆதல் போல. வை கெடாது நிற்க ஈ, டி சேர்த்தெழுதுதல் வழு.

இவற்றை வாய்பாடாக உருப்போடுவித்தலே வகுப்புகளிற் பெரும்பாலும் நிகழ்வது. உருப்போட்டவன் பரீட்சை மண்டபத்தில் மறக்கின்றான். மறந்தவனை மொழியறிவு அற்றவன் என்கின்றோம். இது நீதியன்று. இவ்வேறுபாட்டை அவன் மழலைப் பருவத்திலேயே அறிந்தவன். 'குழந்தை பாயிற் கிடந்தது', 'தாய் குழந்தையைப் பாயிற் கிடத்தினாள்' என்னும் இரண்டையும் எந்தத் தமிழ்ச் சிறுவனும் மாற்றிச் சொல்லான். திருந்து, திருத்து, வருந்து, வருத்து என்னுந் தன்வினை பிறவினைகளை அவன் நா அறியும். ஆங்கிலத்திலும் பண்டு உயிரைத் திரித்துப் பிறவினையாக்கும் வழக்கு இருந்தது. 'லை, லே' அதன் எச்சம். எழுதலாகிய 'றைஸ்', எழுப்புதலாகிய 'றெயிஸ்'. இருத்தலாகிய 'சிற்', இருத்துதலாகிய 'செற்' என்பனவும் அவ்வினத்தனவே.

ஆங்கில வகுப்பிலே தமிழ் புகுந்தால் ஆங்கிலங் கெடும் என்பார் உளர். எழுத்துக்கூட்டலைத் தமிழ் கற்பியாது என்பது உண்மையே. அது மனனஞ் செய்தே வரவேண்டும். ஆனால் வினையின் இயல்பைத் தமிழ் கற்பிக்கும். 'எதனை?' என்று வினாவுக. விடையாக ஒரு பொருள் வருமாயின் 'லே' கொள்க. வாராதாயின் 'லை' கொள்க. இவ்வொரு வினா பத்து வாய்பாட்டினும் வலிது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் பேச்சில் இவ்விடத்து வழுவுகின்றனரே, நமக்கேன் இத்துணைக் கவலை எனின், அவர் வழுவைப் பேச்சுவழக்கு என்று உலகம் பொறுக்கும்; நம் மாணவன் வழுவை அறியாமை என்று எண்ணும். விண்ணப்பம் எழுதித் தொழில் தேடும் இளைஞனுக்கு இது சிறு காரியமன்று.

தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அடுத்தடுத்த அறைகளில் ஒரே இலக்கணத்தை இருவேறு பெயரால் கற்பிக்கின்றனர். இருவரும் ஒருநாள் கூடியிருந்து பேசுவாராயின், மாணவர் சுமை பாதியாகக் குறையும்.