சிலுவையைக் கழற்றினால்தான் கல்வீடா?

2024 நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் அன்று தீர்ப்புச் சொன்னது. மேல்நிலை எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு அது. அப்பா வள்ளுவன் சாதியில் பிறந்த இந்து. அம்மா கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்தில் திருமுழுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தான் இந்துவாகவே வாழ்வதாக அவர் சொன்னதை நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர். மகாதேவன் அமர்வு ஏற்கவில்லை. கோயில் பதிவேடும் அவர் கோயிலுக்குப் போய்வருவதும் அவருக்கு எதிரான சாட்சியாயின. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின் மீதே செய்யும் மோசடி என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள்.

நான்கு நாள் கழித்து, நவம்பர் 30 சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்தப் பணத்துக்கு யாரும் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. நனைந்த வீட்டைக் கல்வீடாக்க மானியம் வேண்டும் என்று போய் நிற்கும்போதுதான் கேட்கிறார்கள்.

புதுச்சேரிக் கிராமங்களில் சேரிக்குப் பேட் என்று பெயர். திருபுவனைப் பக்கத்துப் பேட் ஒன்றில் என் ஆய்வுக்காகப் போய்வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதப்போவதில்லை. அவர் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார், வேலையில்லாத நாளில் நூறுநாள் வேலை. பெண் ஒன்று, பையன் ஒன்று. சிவப்பு அட்டை. பாதி கூரை, பாதி சிமெண்ட் ஷீட், மேலே தார்ப்பாய் போட்ட வீடு. தாத்தா காலத்தில் வேதத்துக்கு வந்தவர்கள். தாத்தாவின் தம்பி வரவில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி அந்தத் தம்பி வழிப் பேரன் கல்வீடு கட்டிக் குடிபோய்விட்டார். இவர்கள் இன்னும் தார்ப்பாயை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே கொடிவழி, ஒரே தெரு, ஒரே குழாயடி.

புயலுக்குப் பிறகு இவர்களும் மனுப் போட முடிவு செய்தார்கள். பள்ளிச் சான்றிதழில் அவருக்கு இருப்பது இந்துப் பெயர். இது புதிதல்ல. வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்பது நம் தலித் கிறித்தவக் குடும்பங்களில் இரண்டு தலைமுறைப் பழக்கம். மனு எழுதிக் கொடுத்த பங்காளி அந்த அம்மாவிடம் சொன்னாராம்: "அண்ணி, வாசல்ல இருக்கிற சிலுவைய உள்ள மாட்டிக்குங்க. விசாரணைக்கு வர்றவங்க கண்ணுல படக்கூடாது."

சிலுவை உள்ளே போனது. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போக ஆரம்பித்தது. வில்லியனூர் மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றத்தன்றே நடந்து போகிற குடும்பம், அந்த ஆண்டு ஒருநாள் ராத்திரி பஸ்ஸில் போய்விட்டுத் திரும்பியது. மே மாதம் பெண்ணுக்குப் புதுநன்மை கொடுக்க வேண்டும். வெள்ளை கவுனுக்குத் துணிகூட எடுத்தாயிற்று. புதுநன்மை என்றால் கோயில் ஏட்டில் பெயர் ஏறும். நவம்பர் தீர்ப்பில் கோயில் ஏடு சாட்சியான கதை பேட்டுக்குள் வந்து சேர்ந்திருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவிட்டார்கள். கூடப் படித்த பிள்ளைகள் வரிசையில் போய் நன்மை வாங்க, இந்தப் பெண் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? "உடம்பு சரியில்லன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தோம் தம்பி" என்றார் அந்த அம்மா. அந்த வருஷம் டிசம்பரில் வாசலில் ஸ்டார் கட்டவில்லை. மனு இன்னும் விசாரணையில்தான் இருந்தது.

பொதுப் பிரிவில் மனுப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போடலாம். ஆனால் மனைப்பட்டா, கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஆதிதிராவிடர் நலத்துறையின் கதவு முழுவதும் அத்தோடு சாத்திக்கொள்ளும். அதற்குப் பயந்துதான் இத்தனை ஒளிப்பும். இதை மோசடி என்று சொல்வது எளிது. ஆதிதிராவிடர் என்பதில் இவர்கள் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் ஊர் இவர்களைப் பேட்டில் வைத்திருக்கிறது. "செத்தா எங்க பொதைக்கணும்னு ஊருக்குத் தெரியுது. வீடு கட்டத்தான் நாங்க யாருன்னு தெரியல" என்றார் அவர். இவர்களைப் பொய் சொல்லவைப்பது சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு வருவோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். புதுச்சேரிக்கென 1964இல் தனி ஆணை வந்தபோதும் இதே நிபந்தனை கூடவே வந்தது. இந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. உச்சநீதிமன்றத்தில் 2004இல் போட்ட வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டியும் முடிவுக்கு வரவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். இரண்டு ஆண்டு என்று தொடங்கியதற்குக் காலநீட்டிப்பும் கொடுத்தார்கள்.

கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது இவர்கள் எல்லாரும் பிடித்துக்கொள்ளும் வாதம். புதுச்சேரியில் நின்றுகொண்டு இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். இன்று சம்பாக் கோயில் இருக்கும் இடத்தில் அன்று இருந்த சேசு சபையாரின் கோயிலுக்குள், பறையர்களைப் பிரித்து உட்கார வைக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் பறையர்கள் முறையிட, பாதிரியார் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். இதே புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச்சில் வன்னியர் கிறித்தவர்களுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சபைத் தலைமை தன் வீட்டுக்குள் இருக்கும் இந்தச் சுவர்களைப் பற்றிப் பேசாமல் டெல்லியிடம் மட்டும் நியாயம் கேட்பதை நாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அதற்காக வீட்டு மானியம் கேட்கும் கூலிக்காரரைத் தண்டிக்க முடியாது.

நம் தோழர்களிலேயே சிலருக்கு ஒரு கவலை இருக்கிறது: ஏற்கெனவே ஒழுங்காகச் செலவழிக்கப்படாத பட்டியல் சாதி நிதியில் இன்னும் ஆட்களைச் சேர்த்தால் இருப்பவர் பங்கும் குறையுமே? இது பொறாமையில் கேட்கும் கேள்வி இல்லை. அதனால்தான் வீட்டு விஷயத்தில் புதுச்சேரி அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டாம், சிறப்புக்கூறு நிதியைத் தொடவும் வேண்டாம் என்கிறேன். குடியரசுத் தலைவர் ஆணை யார் பட்டியல் சாதி என்று வரையறுக்கிறது. தன் சொந்த வரவுசெலவில் கிறித்தவ ஆதிதிராவிடருக்கென்று தனித் தொகை ஒதுக்கி வீட்டு மானியம் கொடுப்பதற்கு அது குறுக்கே நிற்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை கிறித்தவரான ஆதிதிராவிட மாணவருக்கும் கிடைக்கிறது. சட்டமன்றமும் 2023 ஏப்ரலில் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. கேரளம் 1980இலேயே பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்களுக்கென்று கோட்டயத்தில் தனி வளர்ச்சிக் கழகம் அமைத்தது. புதுச்சேரியில் பேட்கள் எவை, அங்கே இன்னும் கூரையில் இருப்பவர்கள் யார் என்று கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குத் தெரியும். வசிக்கும் இடத்தையும் பரம்பரையையும் பார்த்துச் சான்று கொடுங்கள். கோயில் ஏட்டைப் புரட்ட வேண்டாம்.

திருபுவனை தனித்தொகுதி. புதுச்சேரியின் 30 தொகுதிகளில் தனித்தொகுதிகள் ஐந்து. அந்தக் குடும்பம் இங்கே ஓட்டுப் போடலாம். கிறித்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேட்பாளராக நிற்க முடியாது. ஆனால் பேட்டுக்குள் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து, அடுத்த வரவுசெலவில் இந்தத் தொகை எவ்வளவு என்று கேட்கலாம். முதலில் இளைஞர்கள் கேளுங்கள், பெரியவர்கள் விசாரணைக்குப் பயந்துகொண்டு இருக்கிறார்கள்.