கறிவேப்பிலையில் ஓட்டை இருந்தால் என்ன?

டவுனில் இருந்து பேசுகிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "மொட்டை மாடியில வச்ச எலுமிச்சையைப் புழு தின்னுடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" கூடவே ஒரு போட்டோ வரும். அதில் புழுவே தெரியாது. இலை மேல் குருவி எச்சம் போட்ட மாதிரி கறுப்பும் வெள்ளையுமா ஏதோ ஒட்டியிருக்கும். அதுதான் புழு. பறவை ஏமாறணும்னுதான் அந்த வேஷம்.

அதோட தாயை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. கறுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் புள்ளியும் திட்டுமா வாரி இறைச்ச மாதிரி இருக்கும். பின்னிறக்கை ஓரத்தில் ஒரு செம்புள்ளி, பக்கத்தில் கொஞ்சம் நீலம். இறக்கையை விரிச்சா 8 முதல் 10 சென்டிமீட்டர். இதோட சொந்தக்காரப் பூச்சிகள் பலதுக்கும் பின்னால் வால் உண்டு, இதுக்குக் கிடையாது. பேரு எலுமிச்சை அழகி. இதைப் பார்க்கக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். வாய்க்கால் ஓரம், வீட்டுத் தோட்டம், வெயில் விழுகிற எந்த இடமும் அதுக்குப் போதும். ஈர மணலில் உட்கார்ந்து உப்பு உறிஞ்சும். பூவில் தேன் குடிக்கும்போதுகூட இறக்கையைச் சும்மா வைக்காது, படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்.

எலுமிச்சை, நார்த்தை, வில்வம், கறிவேப்பிலை, இதெல்லாம் ஒரே குடும்பம். தாய்ப்பூச்சி காலாலேயே இலையைத் தொட்டுச் சோதிச்சு, கொழுந்தில் ஒவ்வொரு முட்டையா வைக்கும். மூணு நாலு நாளில் பொரியும். நாலு தடவை சட்டை உரிச்சதும் எச்ச வேஷம் போய் இலைப்பச்சையா மாறிடும். அப்போ விரலால் தொட்டுப் பாருங்க, தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி கவட்டையா ஒண்ணு வெளியே வரும். மூக்கைச் சுளிக்க வைக்கிற வாடை! பிறகு இடுப்பைச் சுத்தி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கிட்டு கூட்டுப்புழுவா நிக்கும். பச்சைக் கிளையில் இருந்தால் பெரும்பாலும் பச்சை, காய்ஞ்ச குச்சியில் இருந்தால் பழுப்பு. முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஏறக்குறைய ஒரு மாசம்.

இதைக் கொஞ்சச் சொல்லவில்லை. முழ உயரக் கன்னில் அஞ்சாறு புழு ஏறினால் சில நாளில் குச்சிதான் மிஞ்சும், நானே பறிகொடுத்திருக்கேன். அதனால் கன்னு சின்னதா இருக்கும்போது காலையில் ஒரு நடை போய்ப் புழுவைக் கையால் எடுத்து, வேலியோரத்துப் பெரிய நார்த்தை மரத்தில் விட்டுடுவேன். வளர்ந்த மரத்துக்கு நாலு இலை போனால் ஒண்ணும் ஆகாது. ஆயிரக்கணக்கில் நாத்து போடுகிற நர்சரிக்காரரால் இப்படிச் செய்ய முடியாது, அது வேற கணக்கு.

என் கோபமெல்லாம் கறிவேப்பிலை மேலதான். இலையில் ஓட்டை இருந்தால் மண்டியில் "பூச்சி விழுந்த சரக்கு"ன்னு விலையைக் குறைப்பாங்க. காரணம் கேட்டால், டவுனில் வாங்க மாட்டாங்கன்னு பதில். அதனால் அறுப்புக்குச் சில நாள் முன்னால்கூட மருந்து அடிக்கிறவங்க இருக்காங்க. உள்ளே ஊடுருவுகிற மருந்து தண்ணியில் அலசினால் போகாது. அதைத்தான் நேரா எண்ணெயில் தாளிக்கிறோம். அடிக்கிற மருந்தில் புழு மட்டுமா சாகுது? அதைப் பிடிச்சுத் தின்கிற சிலந்தி, கும்பிடுபூச்சி, பட்டாம்பூச்சி முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கிற கடுகளவு குளவி, எல்லாம் சேர்ந்து போயிடும். அடுத்த ஈட்டுப் புழுவைத் தடுக்கத் தோட்டத்தில் ஆளே இருக்காது. மறுபடியும் மருந்து. கடையில் ஓட்டை விழுந்த கட்டை நீங்க தள்ளி வைக்காமல் எடுத்தால், எங்களில் சில பேராவது தெளிப்பானைக் கீழே வைப்போம்.

போட்டோ அனுப்பின நண்பர் நான் சொன்னதைக் கேட்டு ரெண்டு புழுவை விட்டு வச்சிருக்கார். ஒண்ணு தொட்டியை விட்டு இறங்கிப் போய் கொடிக்கம்பத்தில் கூடாகிடுச்சாம். துணி காயப்போட வேற இடம் பார்த்தாச்சு. தினமும் காலையில் போட்டோ வருது, இன்னும் வெடிக்கல.